பஸ் போகாத ஊர்

போன வாரம் சிக்னலில் ஆட்டோ நின்றபோது, பக்கத்துக் காரிலிருந்து 'தோஸ் வேர் தி டேஸ்' கேட்டது. பச்சை விழுந்து கார் போய்விட்டது. எனக்கு மட்டும் தொண்டையில் ஏதோ அடைத்தது. இத்தனைக்கும் அந்தப் பாட்டில் வரும் மதுக்கடைப் பக்கம் நான் போனதே இல்லை. நீங்களும் போயிருக்க மாட்டீர்கள். அப்புறம் ஏன் இந்த அவஸ்தை?

பாட்டின் ஜாதகத்தைப் பாருங்கள். மெட்டு ரஷ்யாக்காரர் போரிஸ் ஃபோமினுடையது. 1920-களிலேயே இசைத்தட்டில் வந்துவிட்டது. ஜீன் ராஸ்கின் என்ற அமெரிக்கர் (கட்டடக்கலை வாத்தியார்!) அதற்கு ஆங்கில வரிகள் எழுதி, மனைவியோடு கிளப்களில் பாடிக்கொண்டிருந்தார். லண்டனில் அதைக் கேட்ட பீட்டில்ஸ் பால் மெக்கார்ட்னி, 1968-ல் மேரி ஹாப்கின் என்ற வேல்ஸ் பெண்ணைப் பாடவைத்தார். பிரிட்டனில் முதலிடத்தில் இருந்த பீட்டில்ஸின் 'ஹே ஜூட்'டையே தள்ளிவிட்டு, ஆறு வாரம் அங்கே உட்கார்ந்திருந்தது.

வயசான ஒருத்தி, சிநேகிதர்களோடு கும்மாளம் போட்ட பழைய கடை வாசலில் நிற்கிறாள். கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையதுதானா என்று சந்தேகம். இதைப் பாடிய மேரிக்கு வயது 18! அனுபவம் எங்கிருந்து வரும்? அதுதான் விசேஷம் என்பேன். நிஜமாகவே ஒரு பாட்டி பாடியிருந்தால் புலம்பலாகியிருக்கும். இந்தத் தெளிந்த குரலில், தொலைந்துபோன அந்தப் பெண்ணே நேரில் வந்து நிற்கிறாள்.

குறை இல்லாமலில்லை. கண்ணாடியில் முகம் பார்ப்பது அரதப்பழசான உத்தி. வாத்தியங்களும் கொஞ்சம் தூக்கல். ஆனால் தயங்கி ஆரம்பித்து, சந்தூர் மாதிரி தட்டி வாசிக்கும் சிம்பலத்தோடு வேகமெடுத்து, வார்த்தையெல்லாம் தீர்ந்து வெறும் 'லா லா லா' ஆகும்போது நாம் காலி. வார்த்தை இல்லாத அந்த இடத்தில்தான் நம் சொந்தச் சரக்கை நிரப்பிக்கொள்கிறோம். காலேஜ் கேன்டீன், மொட்டை மாடி, பதில் வராத கடிதம்...

'நாஸ்டால்ஜியா' என்ற வார்த்தையை 1688-ல் உண்டாக்கியவர் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர். வீட்டு ஞாபகத்தில் இளைத்துப்போன சுவிஸ்காரர்களின் வியாதிக்கு அவர் வைத்த பெயர். சிகிச்சை சுலபம், ஊருக்கு அனுப்பிவிடு. ஊர் என்றால் பஸ் ஏறலாம். இருபது வயசுக்கு ஏது பஸ்?

ஆனாலும் இதை வெறும் பெருமூச்சுப் பாட்டு என்று ஒதுக்க முடியவில்லை. இளமை போனதைவிட, அப்போது மேஜையைத் தட்டி 'செய்து காட்டுவோம்' என்றோமே, அது என்ன ஆச்சு என்று மெள்ளக் கேட்கிறது. கடைசியில் உள்ளேயிருந்து பழைய சிநேகிதனின் சிரிப்புச் சத்தம். வயசு ஏறியது, புத்தி ஏறவில்லை, கனவு அப்படியே இருக்கிறது என்று முடிகிறது. இது ஆறுதலா குத்தலா, அவரவர் வயசைப் பொறுத்தது.

ராத்திரி தனியாக ஒருமுறை கேளுங்கள். முடிந்ததும் பழைய சிநேகிதர் யாருக்காவது போன் போடுங்கள். நான் போட்டேன். ''யாருப்பா இந்த நேரத்துல?'' என்றான். அப்புறம் முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.