எது சுலபமான மொழி?

கணினிக்குக் கட்டளை எழுதும் மொழிகளைப் பற்றிக் கதை எழுதுகிறவன் அபிப்பிராயம் சொல்லலாமா என்று சிலர் கேட்கக்கூடும். சொல்லலாம் என்றே நினைக்கிறேன். அவையும் மனிதர்கள் செய்த மொழிகள்தாம். சொல்லும் இலக்கணமும் வாக்கிய அமைப்பும் அவற்றுக்கும் உண்டு. மொழியை விமர்சிக்கும் உரிமையை எஞ்சினியர்களுக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டியதில்லை.

எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால், 'முதலில் படிக்க எந்த மொழி சுலபம்?' என்ற கேள்வி வராமல் இருப்பதில்லை. 'பைத்தான்' என்று உடனே பதிலும் வந்துவிடும். அந்தச் 'சுலபம்' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

சுலபமாக்க வேண்டும் என்ற ஆசை பழையது. 1959இல் கோபோல் என்ற மொழியை வகுக்கத் தொடங்கியவர்கள், கட்டளைகள் ஆங்கில வாக்கியம் போலவே இருந்துவிட்டால் காரியாலயத்து மனிதர்களும் வாசித்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். வாசிப்பது வேறு, எழுதுவது வேறு. கம்பனை வாசிக்கத் தெரிந்தவனெல்லாம் விருத்தம் எழுதிவிடுகிறானா? 1964இல் அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கெமனியும் தாமஸ் கர்ட்ஸும் பேஸிக் என்ற மொழியைக் கொண்டுவந்தார்கள். விஞ்ஞானம் படிக்காத மாணவர்களும் கணினியைத் தொட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நம் நாட்டில் 1984இல் 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ்ப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோ இயந்திரங்களிலும் பேஸிக்தான் இருந்தது.

பேஸிக்கில் எனக்குப் பிடித்த ஒரு சொல் 'லெட்'. 'எக்ஸ் என்பது இனி எக்ஸோடு ஒன்று கூட்டியதாக இருக்கட்டும்' என்று அதில் எழுதுவார்கள். அந்த 'இருக்கட்டும்' பெரிய உபகாரம். அதை எடுத்துவிட்டு, 'எக்ஸ் = எக்ஸ் + 1' என்று மொட்டையாக எழுதிப் பாருங்கள். இயற்கணிதம் ஒழுங்காகப் படித்த பையன் திகைத்து நிற்பான். எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று அதிகமாக இருக்க முடியாது என்றுதானே வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்? 1970இல் வந்த பாஸ்கல் மொழியில் நிக்லாஸ் விர்த் சமக்குறிக்கு முன்னால் இரண்டு புள்ளி வைத்து இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தார். பைத்தானின் சாதாரணக் கட்டளையில் 'லெட்'டும் இல்லை, புள்ளியும் இல்லை. கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பவனே இங்கே முதலில் தடுக்கி விழுகிறான்.

கீடோ வான் ராஸம் 1991இல் வெளியிட்ட பைத்தான், 2019 முதல் நம் மாநிலத்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அழகான மொழி, சந்தேகமில்லை. அடைப்புக்குறிகளின் காடு அதில் குறைவு. ஆனால் அதன் வழுக்கல்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அடுத்த வீட்டுப் பையன் தமிழ் வழியில் படிக்கிறவன். ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "பத்து வரைக்கும்னுதானே மாமா எழுதினேன்? ஒம்பதுல நின்னுட்டுல்லா!" என்றான். அவன் சொன்னது நியாயம். பைத்தானில் 'ரேஞ்ச்' என்று ஒன்றையும் பத்தையும் கொடுத்தால் ஒன்பதோடு நின்றுவிடும். பேஸிக்கில் ஒன்று முதல் பத்து என்றால் பத்தும் சேரும். அதற்குத் தொழில்முறைக் காரணங்கள் இருக்கின்றன. அவை அனுபவசாலிக்கான காரணங்கள்.

இன்னொன்று. நாஞ்சில் நாட்டில் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. இரண்டு அளவை வாங்கிக் கூட்டிச் சொல்லும்படி ஒரு சிறு நிரல் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே வருவதை எண்ணாக மாற்ற வேண்டும் என்று சொல்ல மறந்தால், பைத்தான் அதை எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். 7 மரக்கால், 5 மரக்கால் என்று கொடுத்தால் 75 என்று விடை வரும். ஒரு கோட்டைக்குக் காணாத நெல் மூன்றரைக் கோட்டையைத் தாண்டிவிடும்! தவறு என்று ஒரு வார்த்தையும் வராது. தப்பைச் சொல்லிவிடும் மொழியைவிடத் தப்பை மௌனமாக விழுங்கும் மொழிதான் புதியவனுக்குக் கஷ்டமானது.

தமிழிலேயே எழுதினால் என்ன என்று கேட்கலாம். எழுதிப் பார்த்திருக்கிறார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' அப்படிப்பட்ட மொழி. 2009இல் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார். பைத்தானை அஸ்திவாரமாகக் கொண்டு எழுந்தது அது. ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை ஒட்டியதோடு அது நிற்கவில்லை என்பதுதான் விசேஷம். நிபந்தனையை முதலில் எழுதி, 'ஆனால்' என்ற சொல்லைப் பின்னால் வைக்கிறது. தமிழ் வாக்கியம் அப்படித்தான் நடக்கிறது. பகுதி முடிகிற இடத்தில் 'முடி' என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பைத்தான் இதை வரியின் ஓரத்து வெற்றிடத்தை வைத்து ஊகிக்கச் சொல்கிறது.

குறையும் உண்டு. நம் பேச்சில் தனித்து நிற்கும் 'ஆனால்' எதிர்ப்பைக் காட்டும் சொல். 'அப்படியானால்' என்பதன் வால் அல்ல. அதைவிடப் பெரிய குறை, மொழியைச் சுற்றி ஊர் இல்லாதது. சந்தேகம் கேட்க ஆள் வேண்டும், புரட்ட நூல்கள் வேண்டும். பைத்தானுக்கு அவை குவிந்து கிடக்கின்றன. எழிலுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

தமிழில் இருந்துவிட்டால் மட்டும் எல்லாம் விளங்கிவிடுமா என்றும் யோசிக்க வேண்டும். 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முந்தின நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் இருக்கின்றன. வாசித்துச் சொல்ல ஆள் தேடி அலைகிறார்கள். சரி, தமிழில் எழுதிய பத்திரம் மட்டும் எத்தனை பேருக்கு விளங்குகிறது? எழுத்து ஒரு கதவு. உள்ளே இருக்கும் முறை இன்னொரு கதவு.

முதல் கதவு அற்பமானது என்று நான் சொல்லமாட்டேன். பதினாறு வயதில் ஒரே சமயத்தில் இரண்டு கதவையும் தள்ள வேண்டியிருக்கிறது தமிழ் வழி மாணவனுக்கு. ஆகவே என் தீர்ப்பு இது: முதல் சில வாரங்கள் எழில், பிறகு பைத்தான். இடையில் ஆசிரியர் ஒன்றை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்: இந்த மொழியில் இன்னின்ன இடம் வழுக்கும், விழுந்தால் அது மொழியைச் செய்தவர்களின் ஏற்பாடு, உன் மூளைக் குறைவல்ல என்று. 'சுலபம்' என்று சொல்லிக் கொடுத்த ஒன்றில் தோற்கிறவன் மொழியைக் குறைசொல்வதில்லை. தன்னையே குறைசொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுகிறான். அப்படிப் போனவர்களை எந்தப் பரீட்சைப் பட்டியலும் கணக்கெடுப்பதில்லை.