குணமானவளை மன்னிக்காத படம்

‘மூன்றாம் பிறை’ எனக்குப் பிடிக்காது. சினிமா பேசுகிற எந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னாலும், ‘அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்த பிறகுமா?’ என்றுதான் கேட்பார்கள். அந்தக் கடைசிக் காட்சியால்தான் பிடிக்காது. சுமாரான படம் ஒன்றைப் பிடிக்காமல் போவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இது அசாத்தியத் திறமையோடு எடுக்கப்பட்ட படம். அதனால் என் சண்டையை விரிவாகவே சொல்ல வேண்டும்.

1982-இல் வெளியான இந்தப் படத்தின் எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு மூன்றும் பாலுமகேந்திரா. சிறந்த நடிகருக்கான தேசிய விருது கமல்ஹாசனுக்கும், ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பாலுமகேந்திராவுக்கும் கிடைத்தன. இரண்டுமே தகும். ஊட்டி என்றால் பூந்தோட்டத்தில் டூயட் பாடும் இடம் என்றிருந்த காலத்தில், அதை ஒரு பள்ளி ஆசிரியர் வாடகை கொடுத்து வாழும் ஊராகக் காட்டியவர் பாலுமகேந்திரா. ஜன்னல் வழியே வருகிற வெளிச்சம் ஒரு கன்னத்தில் விழுந்தால் மறு கன்னத்தை இருட்டிலேயே விட்டுவிடுகிற துணிச்சல் அவருக்கு இருந்தது. பனியும் ஈரமும் குளிரும் திரையைத் தாண்டி நம் தோலுக்கு வந்து சேரும். இளையராஜாவின் இசையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? கண்ணதாசன் கடைசியாக எழுதிய திரைப்பாட்டான ‘கண்ணே கலைமானே’ இந்தப் படத்தில்தான் இருக்கிறது. ஜேசுதாஸ் குரலில் அதைக் கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. நான் அந்தச் சிலரில் சேர்த்தி இல்லை.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாக்யலட்சுமி (ஸ்ரீதேவி) என்ற இளம்பெண், கார் விபத்தில் அடிபட்டு மனத்தளவில் சிறுமியாகிவிடுகிறாள். கடத்தப்பட்டு விபசார விடுதியில் விற்கப்படுகிறாள். அங்கே அவளைப் பார்க்கும் பள்ளி ஆசிரியர் சீனு (கமல்ஹாசன்) மீட்டுக்கொண்டு போய், ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறான். விஜி என்று கூப்பிடுகிறான். கடைசியில் வைத்தியத்தில் அவள் குணமாகிறாள். நடுவே கழிந்த காலமும் சீனுவும் அவள் நினைவில் இல்லை.

சீனு நல்லவன். அவன் கை ஒரு முறைகூடத் தப்பாக நீளவில்லை. வைத்தியரிடம் அவளை அழைத்துப் போகிறவனும் அவன்தான். ஆகவே எனக்குச் சீனுவிடம் புகார் இல்லை. புகார், கேமரா எங்கே நிற்கிறது என்பதில். விஜி குழந்தையாக இருக்கும் ஒவ்வொரு நிமிடத்தையும் அது கொஞ்சுகிறது. நாய்க்குட்டி சுப்பிரமணியோடு அவள் விளையாடுவதும், அடம்பிடிப்பதும், நரிக்கதை கேட்பதும் நம்மை மயக்குவதற்கென்றே படமாக்கப்பட்டிருக்கின்றன. வளர்ந்த ஒரு பெண், தான் யார் என்பதையே இழந்து நிற்கிற கொடுமை, ஊட்டியின் மென்வெளிச்சத்தில் ரசிக்கத்தக்க மழலையாக மாறிவிடுகிறது. இவளைப் பெற்றவர்கள் எங்கே தேடிக்கொண்டிருப்பார்களோ என்ற பதைப்பு படத்தின் பெரும்பகுதியில் நமக்கு எழுவதில்லை. இந்த வீட்டிலேயே இவள் இப்படியே இருந்துவிட்டால் நன்றாக இருக்குமே என்று நினைக்க வைக்கிறார் இயக்குநர். அங்கேதான் நான் விலகிப்போகிறேன்.

சில்க் ஸ்மிதாவின் பாத்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது இன்னும் துலங்கும். சீனு வேலை பார்க்கும் பள்ளித் தலைமை ஆசிரியருடைய இளம் மனைவி அவள். கணவருக்கு வயதாகிவிட்டது. அவளுக்குச் சீனுமேல் ஆசை. தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து, அதை வாய்விட்டுச் சொல்லவும் துணிகிற ஒரே பெண் அவள்தான். அவளுடைய தனிமையைப் பற்றிப் படத்துக்கு அக்கறை கிடையாது. ஒரு கிறக்கமான பாட்டைக் கொடுத்து, சீனுவின் பொறுமையைச் சோதிக்கிற தொந்தரவாக ஓரத்தில் நிறுத்தி வைக்கிறது. ஆக, இரண்டு பெண்கள். தன் மனசு தனக்குத் தெரிந்தவள் உபத்திரவம். எதுவுமே தெரியாதவள் தெய்வம். இந்த வரிசையைத் தற்செயல் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

இனி அந்தக் கடைசிக் காட்சி. கேத்தி ரயில் நிலையம், மழை. விழுந்தடித்து ஓடிவந்த சீனு, சேறும் காயமுமாகப் பிளாட்பாரத்தில் நிற்கிறான். தன்னை அடையாளம் காட்ட, முன்பு விஜியைச் சிரிக்க வைக்கச் செய்துகாட்டிய குரங்கு வித்தையை, தலையில் சட்டியை வைத்துக்கொண்டு திரும்பச் செய்கிறான். ரயிலில் இருப்பவளுக்கு அவன் யாரோ. பிச்சை கேட்கிற பைத்தியம் என்று நினைக்கிறாள். ரயில் கிளம்பிவிடுகிறது. கமலின் உடம்பு முழுவதும் அந்தக் காட்சியில் மன்றாடுகிறது. தியேட்டர் அழுதது, இன்றும் அழுகிறது.

ஆனால் எதற்காக அழுகிறோம்? விபத்தில் தன்னை இழந்து, விலைக்கு விற்கப்பட்டு, காட்டில் ஒருவனிடம் பலாத்காரத்துக்கு ஆளாகாமல் மயிரிழையில் தப்பிய பெண், அறிவு திரும்பி அம்மா அப்பாவோடு வீட்டுக்குப் போகிறாள். அந்தக் கதையில் நடக்கக்கூடியதிலேயே நல்லது அது. அதையே படம் பேரிழப்பாக்குகிறது. அவள் குணமானதை நன்றிகெட்டத்தனம்போல உணர வைக்கிறது. பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் ‘இப்படி மறந்துட்டாளே’ என்று ஆதங்கப்படுவார்கள். அவள் மறக்கவில்லை, அவள் அங்கே இருக்கவே இல்லை. கண் விழித்தால் தெரியாத ஊர், வாழ்க்கையில் ஒரு துண்டையே காணோம். அந்தத் திகிலைப் பற்றி ஒரு காட்சியாவது வேண்டாமா? பாக்யலட்சுமி என்பவளிடம் படத்துக்கு எந்த ஆர்வமும் இல்லை. விஜி போனதோடு அதற்கு எல்லாம் முடிந்துவிடுகிறது.

ஒருவனுடைய துயரத்தை மட்டும் சொல்வதற்குக் கலைஞனுக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். நிச்சயம் உண்டு. ஆனால் ஒருவனுடைய துயரம் நம்மை வந்து அடைய, இன்னொருத்தி முழு மனுஷியாகிவிடக் கூடாது என்ற நிபந்தனை இருக்குமானால், அந்தக் கண்ணீரின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. இதைவிட நேர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர் பாலுமகேந்திரா என்பதற்கு அவருடைய ‘வீடு’ சாட்சி. 1988-இல் வந்த அந்தப் படத்தில் பாட்டு கிடையாது. அர்ச்சனா நடித்த சுதா, வேலைக்குப் போகிற சாதாரணப் பெண், சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கடன், கான்ட்ராக்டர், சிமென்ட், அலுவலகங்கள் என்று அவள் அலைகிற ஒவ்வோர் அடியிலும் கேமரா அவளோடு நடக்கிறது. அதே இயற்கை வெளிச்சம்தான், அதே நிதானம்தான். ஆனால் சுதாவை அது கொஞ்சவில்லை, மதிக்கிறது. அவளுடைய தோல்வி அவளுடையதாகவே நமக்கு வலிக்கிறது. ‘மூன்றாம் பிறை’யில் நான் தேடிக் கிடைக்காதது அந்த மதிப்புதான்.

ஊரே கொண்டாடுகிற படத்தைப் பிடிக்கவில்லை என்றால், ரசனை போதாது என்பார்கள், அல்லது வித்தியாசமாகத் தெரிய ஆசைப்படுகிறான் என்பார்கள். ரசனை என்பது ஒரு படைப்பு நம்மை எங்கே அழவைக்கிறது என்று பார்ப்பதோடு, யாரைக் கைவிட்டு அழவைக்கிறது என்றும் பார்ப்பது. ஒளியையும் இசையையும் நடிப்பையும் மனதாரப் பாராட்டிவிட்டு, அவை சேர்ந்து சொல்கிற சேதியை ஏற்க மறுக்கலாம். தரமான படத்துக்குத்தான் அப்படி ஒரு மறுப்பைத் தர முடியும்.

இந்தப் படத்தை நேசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை பார்க்கும்போது, கடைசிச் சில நிமிடங்கள் கமலை விட்டுவிட்டு ஸ்ரீதேவியைப் பாருங்கள். படம் முழுக்கக் குழந்தையாகத் துள்ளிய உடம்பு இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறது. கண்ணில் நிதானம், முன்பின் தெரியாத ஒருவன்மேல் கொஞ்சம் இரக்கம், ஊர் போய்ச் சேரவேண்டும் என்ற எண்ணம். சிறுமி முகத்தின் சுவடுகூட இல்லாமல், ஒரு வளர்ந்த பெண்ணைச் சில பார்வைகளிலேயே அவர் உருவாக்கிவிடுகிறார். அவர் நடிப்பின் உச்சம் எனக்கு அதுதான். அந்தப் பெண்ணைத் தொடர்ந்து போயிருந்தால் இது நான் நேசிக்கிற படமாகியிருக்கும்.