சேய்மைச் சுட்டு

='காலை'!சி7+'மாலை'!சி7

மணலூர்பேட்டையில் சித்தி வீட்டு மடிக்கணினியில், பால் கணக்குக் கோப்பின் மூன்றாம் தாளில், ஒரு கட்டத்துக்குள் இந்த வரி இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு 11.5 என்ற எண் மட்டுமே தெரியும். கட்டத்தைத் தொட்டால்தான் மேலே உள்ள நீள்பட்டையில் வரி எழுந்து வரும். நல்ல செய்யுளைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்ப்பதுபோல் இந்த வரியை நான் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு நயம் புதிதாகத் தட்டுப்படுகிறது.

சித்தி தெருவில் சில வீடுகளின் பாலை வாங்கி ஊற்றிவிடுகிறார். காலைக்கு ஒரு நோட்டு, மாலைக்கு ஒரு நோட்டு, பத்து நாளைக்கு ஒருமுறை பணம் பட்டுவாடா செய்வதற்கு மூன்றாவது நோட்டு. முதலிரண்டிலும் உள்ளதை இராத்திரி உட்கார்ந்து மூன்றாவதில் எடுத்தெழுதுவார். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் 6.5 என்பது 5.6 ஆகிவிட்டது. இலக்கம் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும் என்பது கணக்கர்கள் அறிந்த சூட்சுமம். இங்கும் 65-க்கும் 56-க்கும் இடையே ஒன்பது. அந்த ஒன்பது, ஒரு வீட்டுக்காரருக்குத் தொள்ளாயிரம் மில்லி பாலின் காசு. "ஒரே கணக்க எதுக்கு தம்பி ரெண்டு வாட்டி எழுதணும்?" என்று சித்தி கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மூன்று நோட்டும் 'காலை', 'மாலை', 'பட்டியல்' என்று, வீட்டுக்கு ஒரு வரிசையாக, மூன்று தாள்களாயின.

முதலில் சொல் நயம். காலை, மாலை: இரண்டாம் எழுத்து ஒன்றி வந்து எதுகை அமைந்திருக்கிறது. ஒலியில் ஒன்றும் இவ்விரண்டும் பொருளில் எதிரெதிராக நின்று முரண் ஆகின்றன. இரண்டு சீரும் 'சி7' என்றே முடிவதால் இயைபும் உண்டு. யாரும் திட்டமிட்டு அமைத்த தொடை அல்ல. மாடு கறக்கும் வேளைகள் இரண்டு. தமிழ் அவற்றுக்கு வைத்த பெயர்கள் இவை. நடுவில் உள்ள கூட்டல் குறி விடியலையும் அந்தியையும் சேர்த்து ஒரு நாளாக்குகிறது.

அடுத்தது அந்த உணர்ச்சிக்குறி. வியப்புக்கும் அவலத்துக்கும் நாம் இடும் குறி, எக்செலில் தாளின் பெயருக்கும் கட்டத்தின் முகவரிக்கும் நடுவே வாசற்படியாக நிற்கிறது. அதற்கு முன்னால் வருவது ஊர்; பின்னால் வருவது தெருவும் கதவு எண்ணும். லிப்ரெஆபீஸ் கால்க்கில் அந்த இடத்தில் ஒரு சிறு புள்ளி வரும். பெயரைச் சுற்றியுள்ள ஒற்றை மேற்கோள் குறிகள் வேலி போன்றவை. 'பால் வரவு' என இடைவெளி விட்டுப் பெயர் வைத்தால் அந்த வேலி இல்லாமல் முடியாது. பெயர் 31 குறிகளுக்குள் அடங்க வேண்டும் என்பது எக்செலின் வரம்பு. தமிழில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். 'மணலூர்பேட்டை' நமக்கு ஏழு எழுத்து; கணினிக்குப் பன்னிரண்டு.

பொருள் நயத்துக்கு இலக்கணத்தில்தான் சொல் தேட வேண்டியிருக்கிறது. 'இவன்' அண்மைச் சுட்டு, 'அவன்' சேய்மைச் சுட்டு. ஒரே தாளுக்குள் இருப்பதைக் குறிக்க 'சி7' என்றால் போதும். அது கையருகே உள்ளதைக் காட்டும் சுட்டு. அடுத்த தாளில் இருப்பதை ஊர்ப்பெயர் சொல்லித்தான் காட்ட வேண்டும். அது சேய்மைச் சுட்டு. எடுத்தெழுதுவதற்கும் சுட்டுவதற்கும் உள்ள தூரம் பெரிது. எடுத்தெழுதிய எண் அந்த நொடியோடு நின்றுவிடும். சுட்டப்பட்ட எண்ணுக்கு உயிர் அதன் சொந்த இடத்தில்தான்.

நம் கணக்கேடுகள் இதற்கு வெகு அருகில் வந்திருந்தன. கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குக் குறிப்பேட்டில் 'பேரேட்டுப் பக்க எண்' என்றொரு ஒடுக்கமான பத்தி நினைவிருக்கும். இந்தத் தொகை எந்தப் பக்கத்துக்குப் போனது என்று அது வழி காட்டும். வழியை மட்டும்தான் காட்டும். நடப்பது எழுதுபவரின் கையும் கண்ணும். 1979-இல் டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கிய விசிகால்க், அந்த நடையைக் கணினியிடம் கொடுத்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணைத் திருத்தியபோது, அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருந்ததைக் கண்டு பிரிக்லினுக்கு எழுந்த எண்ணம் அது. 1993-இல் எக்செல் 5 வந்தபோது, பல தாள்களை ஒரே புத்தகமாகக் கட்டி அடியில் பெயர்ச்சீட்டு தொங்கவிடும் அமைப்பு நிலைபெற்றது.

அந்த வரியை எழுதும் விதமும் அழகு. சமக்குறி இட வேண்டும். 'காலை' சீட்டைத் தொட்டு, உள்ளே போய்க் கட்டத்தைத் தொட வேண்டும். கூட்டல் குறி. 'மாலை'க்குப் போய் இன்னொரு கட்டம். என்டர் தட்டியதும் புறப்பட்ட இடத்துக்கே திரை திரும்பிவிடும். பக்கத்து வீட்டில் கேட்டுவரச் சொல்லி அனுப்பிய பிள்ளை, கேட்டதை மறக்காமல் ஓடிவந்து சொல்வதுபோல் இருக்கும்.

'மாலை' என்ற தாளுக்குச் 'சாயங்காலம்' என்று பெயர் மாற்றினால், வரிக்குள்ளும் பெயர் தானாக மாறிக்கொள்ளும். எதுகை போகும், கணக்கு போகாது. காலைத் தாளில் மேலே ஒரு வரிசையைச் செருகினால், வரியின் முற்பாதி மட்டும் 'சி8' ஆகும். இயைபு குலைந்தும் பொருள் குலையாத இடம் அது. ஆனால் தாளில் உள்ள வரிசைகளை வீட்டுக்காரர் பெயர்ப்படி மாற்றி அடுக்கினால் எச்சரிக்கை தேவை. சுட்டு இடத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது. ஏழாம் வரிசையில் இன்னொருவர் வந்து அமர்ந்தால் அவருடைய பாலைத்தான் சொல்லும். தாளையே அழித்துவிட்டாலோ, 'ரெஃப்' என்ற பிழைச் சொல்லோடு நின்றுவிடும். காட்ட வேண்டியது இல்லாதபோது பொய்யாக ஓர் எண்ணை இட்டு நிரப்பாத அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

தை 5 அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எங்கள் ஊர்த் தென்பெண்ணைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுவார். மூலவர் அங்கே கருவறையில் அசையாமல் இருக்கிறார். ஆற்றங்கரைக்கு வருபவர் உற்சவர். அவரை நகல் என்று இங்கு எவரும் சொல்வதில்லை. "சாமி வந்துட்டாரு" என்றுதான் சொல்கிறார்கள். மூலத்தை விட்டு அகலாமலே இன்னோர் இடத்தில் முழுதாக இருக்க முடியும் என்பதை மணலூர்பேட்டைக் குழந்தைகளும் மணலில் நின்று கண்டிருக்கிறார்கள்.

அப்படி ஒரு தை 5 மாலையில், ஆற்றிலிருந்து ஈரப் புடவையோடு திரும்பிய சித்தி, ஏழாம் வரிசை வீட்டிலிருந்து கடைசியாக வந்த அரை லிட்டரை மாலைத் தாளில் சேர்த்து, 5 என்பதை 5.5 ஆக்கினார். பிறகு பட்டியலைத் திறந்தார். அங்கே 12 நின்றது.

"நான் இங்க கையே வெக்கலியே தம்பி" என்றார், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல்.