எரிச்சல் குற்றமாகுமா? 66-ஏ தீர்ப்பு குறித்து ஒரு திறனாய்வு

இணையத்தைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டுமா என்று இன்று எவரும் வினவுவதில்லை. எத்தகைய சட்டம் என்பதே வினா. இதற்கு இந்திய உச்ச நீதிமன்றம் அளித்த விடைகளுள் தலையாயது, 2015 மார்ச் 24ஆம் நாள் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதியரசர்கள் செலமேஸ்வர், நாரிமன் ஆகியோர் வழங்கிய தீர்ப்பாகும். அதனைப் போற்றுவோர் பலர். முழுமையாகப் படித்தோர் சிலரே என்பது நம் ஐயம். பனுவலைச் சொல் சொல்லாக ஆராயும் பயிற்சியுடைய நம் வாசகர்கள் அதைப் படித்தல் நன்று.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 2008ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 66-ஏ பிரிவு, கணினி வழியாகவோ கைபேசி வழியாகவோ "மிகவும் புண்படுத்தும்" செய்தியை அனுப்புவதை மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. பொய்யெனத் தெரிந்தே எரிச்சலோ இடையூறோ விளைவிக்கும் நோக்குடன் செய்தி அனுப்புவதும் அதில் அடங்கும். இச்சொற்கள் எவற்றிற்கும் சட்டம் வரையறை தரவில்லை. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்தபோது மும்பையில் நிகழ்ந்த கடையடைப்பைக் குறித்து முகநூலில் எழுதிய இளம்பெண் ஒருவரும், அதற்கு விருப்பம் தெரிவித்த தோழியும் மகாராட்டிரத்தின் பால்கரில் கைதாயினர். அதற்கு முந்திய மாதம் புதுச்சேரியில் ஒருவர் ட்விட்டர் பதிவொன்றிற்காகக் கைதானார்.

தீர்ப்பின் வலிமை அதன் வேறுபடுத்தலில் உள்ளது. ஒரு கருத்தை விவாதித்தல், அதற்காக வாதாடுதல், தீச்செயலுக்குத் தூண்டுதல் என மூன்றையும் அது பிரித்து நிறுத்துகிறது. மூன்றாவது நிலையை எட்டும்போதே அரசமைப்பின் 19(2)ஆம் உறுப்பு கூறும் கட்டுப்பாட்டிற்கு இடமுண்டு என்கிறது. கேட்பவரின் எரிச்சல் பேசியவரின் குற்றத்திற்கு அளவுகோலாகாது என்பதே இதன் பொருள். இங்கிலாந்தின் இரு வழக்குகளை எடுத்துக்காட்டி, ஒரே செய்தியைக் கண்ட நீதிபதிகளே நேர்மாறான முடிவுகளுக்கு வந்தமையைச் சுட்டும் பகுதி மிக நுட்பமானது. நீதிபதிக்கே தெளிவில்லாத எல்லையைக் காவல் நிலையத்து எழுத்தர் எங்ஙனம் காண்பார்? சட்டத்தை நெறியோடு கையாளுவோம் என்று அரசு தந்த உறுதிமொழியையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. அரசுகள் மாறும், சட்டம் நிலைக்கும்.

இணையத்தில் இழிவுபடுத்தப்படும் பெண்களை இத்தீர்ப்பு கைவிட்டது என்பாரும் உளர். அக்கவலை மெய்யானது, முடிவு சரியன்று. அந்தரங்கத்தைப் படமெடுத்துப் பரப்புதல், ஆபாசம், சிறுவர் மீதான பாலியல் கொடுமையைக் காட்டும் படங்கள் ஆகியவற்றைத் தண்டிக்கும் 66-ஈ, 67, 67-பி பிரிவுகள் அப்படியே நிற்கின்றன. இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருதல் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்கீழ்க் குற்றமாகும். இவை இன்ன செயலென்று பெயர் சொல்லித் தண்டிப்பவை, எரிச்சலை அளப்பவையல்ல. புகார் தரும் பெண்ணைக் காவல் நிலையம் நடத்தும் முறையே குறை. அதை 66-ஏ ஒருநாளும் தீர்த்ததில்லை.

இறந்த பிரிவும் எளிதில் புதைக்கப்படவில்லை. தீர்ப்புக்குப் பின்னரும் பல மாநிலங்களில் அதன்கீழ் வழக்குகள் பதிவாயின. இனி எவர்மீதும் அப்பிரிவின்கீழ் வழக்குத் தொடரலாகாது என 2022 அக்டோபரில் நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

நாம் தீர்ப்போடு மாறுபடுவது 69-ஏ பிரிவைக் குறித்தே. இணையப் பக்கங்களை முடக்க நடுவண் அரசுக்கு அதிகாரம் தரும் இப்பிரிவையும், 2009ஆம் ஆண்டு விதிகளையும் நீதிமன்றம் செல்லும் என்றது. காரணங்கள் எழுத்தில் பதியப்படுவதால் அவற்றை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பது அதன் வாதம். ஆயின் கோரிக்கைகளும் நடவடிக்கைகளும் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது அவ்விதிகளுள் 16ஆவது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துத் தீர்ப்பு ஆராயவில்லை. 66-ஏ பிரிவின் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் பார்த்த அதே நீதியரசர்கள் இங்கு விரைந்து கடந்துவிட்டனர். பக்கம் முடக்கப்பட்டவர், தமக்குக் காட்டப்படாத காரணத்தை எதிர்த்து எவ்வாறு மனு எழுதுவார்?