விடை தெரியாதவரின் வருகை

ஆராய்ச்சி மாணவர் ஒருவரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் பிள்ளைகளுக்கு அறிவியலில் நாட்டம் பிறக்கும் என்று நம்பாதவர் இலர். நம்பிக்கை நன்று. ஆயின் அவர் அங்கே போய் என்ன செய்கிறார் என்னும் வினா மட்டும் நம்மிடையே அதிகம் எழுவதில்லை. அதனை இங்கே சற்று எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

தமிழக அரசு 2022 நவம்பர் 28 அன்று திருச்சி காட்டூரில் தொடங்கிய வானவில் மன்றத்தை எடுத்துக்கொள்வோம். 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு, அறிவியலும் கணிதமும் கற்ற இளைஞர்கள் சோதனைக் கருவிகளைச் சுமந்து செல்லும் திட்டம் அது. நோக்கத்தைக் குறை கூற நமக்கு மனமில்லை. ஆனால் கருத்தாளர்கள் ஏறத்தாழ 700 பேர் என்னும்போது ஒருவருக்குப் 18 பள்ளிகள் வருகின்றன. பெட்டி திறக்கும், பலூன் ஊதும், காந்தம் ஈர்க்கும், பிள்ளைகள் கைதட்டுவர், பெட்டி மூடப்படும். கைதட்டலும் ஒரு நன்மையே. எனினும் அங்கே காட்டப்படும் சோதனையின் முடிவு காட்டுபவருக்கு முன்னரே தெரியும். ஆராய்ச்சியோ முடிவு தெரியாத இடத்தில் தொடங்குவது. முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் தடுமாறிக்கொண்டிருக்கும் இளைஞரிடம் பள்ளி ஆசிரியரிடம் இல்லாத ஒன்று உண்டென்றால், அது கற்பிக்கும் திறன் அன்று. அதில் ஆசிரியர் பலர் அவரை விஞ்சுவர். இன்னும் அவிழாத ஒரு முடிச்சு அவர் கையில் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வேடிக்கை காட்டச் சொல்வது, உழவரை அழைத்து வந்து கடையில் அரிசி நிறுக்கச் சொல்வதைப் போன்றதே.

இதை நன்கு உணர்ந்த முயற்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில், 16 நடுநிலைப் பள்ளிகளில், கிஷோர் பாரதி, ரசூலியா கிராமிய மையம் ஆகிய இரு தொண்டு அமைப்புகள் அறிவியல் கற்பித்தலைப் புதிதாகத் தொடங்கின. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் தில்லிப் பல்கலைக்கழகத்தாரும் அக்கிராமங்களுக்கு மீண்டும் மீண்டும் சென்றனர். அவர்கள் உருவாக்கிய பாடநூலில் சோதனைகளும் வினாக்களும் இருந்தன, விடைகள் இல்லை. தேர்வறைக்குப் புத்தகத்தை எடுத்துச் செல்லலாம். பிள்ளைகள் தம் ஐயங்களைச் 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதமாக எழுதினர், பதிலும் வந்தது. முப்பது ஆண்டுகள் நடந்த பின் 2002-இல் மாநில அரசே அதை நிறுத்திற்று.

நமது கிருஷ்ணகிரிக்கு வருவோம். இம்மாவட்டத்திலும் அண்டையிலுள்ள தருமபுரியிலும் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது இந்திய அளவுகோல். தாண்டிய ஊர்களில் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படிந்தது. அதைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டது. ஒரே ஊரில் ஒரு கிணற்றில் புளோரைடு மிகுந்தும் அடுத்த கிணற்றில் குறைந்தும் இருப்பது ஏன்? பாறையும் ஆழமும் மழையும் சேர்ந்த வினா இது. நீர்வேதியியல் ஆய்வாளர் ஒருவர் இவ்வினாவோடு ஒரே பள்ளிக்கு ஓராண்டு வந்து போகட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் தத்தம் தெருக் கிணற்று நீரைக் குப்பியில் கொண்டுவந்து, அளந்து, மழைக்கு முன்னும் பின்னும் குறித்து வைக்கட்டும். (பிள்ளைகளின் வாயைக் காட்சிப்பொருள் ஆக்கிவிடக் கூடாது, ஆராய வேண்டியது கிணற்றைத்தான்.) அளவுகள் முரண்படும். ஆய்வாளரே தலையைச் சொறிவார். பிள்ளைகள் பார்க்க வேண்டிய காட்சி அதுவே என்போம்.

ஓசூர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் நிலை இன்னும் எண்ணத் தக்கது. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ பேசி, பள்ளியில் தமிழும் பயில்பவர்கள் பலர். சிப்காட் ஆலை வாயில்களைப் பார்த்தே வளர்பவர்கள். உழைப்பின் முடிவு ஆலைச் சீருடை என்றே பலருக்குப் படுகிறது. 1909-இல் தோன்றிய இந்திய அறிவியல் கழகம் ஐம்பது கிலோமீட்டர் அளவில் பெங்களூரில் இருக்கிறது. அத்திப்பள்ளி எல்லையைத் தொழிலாளர் நாள்தோறும் கடக்கின்றனர், ஆய்வாளரும் கடக்கலாம். ஆங்கிலத்திலேயே ஆய்வைச் சிந்தித்துப் பழகியவர், பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தமிழிலும் தெலுங்கிலும் அதைச் சொல்ல முயலும்போது, தாம் எதைப் புரிந்துகொள்ளவில்லை என்பதைக் கண்டுகொள்வார். பயன் ஒருவழியாய்ப் போவதன்று.

இதற்கு வழி முற்றிலும் இல்லாமலும் இல்லை. வானவில் மன்றம் தொடங்கிய அதே 2022 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட முனைவர் பட்ட நெறிமுறைகள், ஆய்வு மாணவருக்கு வாரம் 4 முதல் 6 மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வுத் துணைப்பணி வழங்கலாம் என்கின்றன. பயிற்சி வகுப்பு, ஆய்வகப் பணி, விடைத்தாள் மதிப்பீடு ஆகியவை அதில் அடங்கும். பள்ளி என்னும் சொல் அங்கே இல்லை. அதைச் சேர்த்தாலும், ஆய்வேட்டுக் கெடு நெருங்கும் மாணவரை நெறியாளர் அனுப்ப மனம் கொள்வாரா? சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலிருந்து தளிக்கோ அஞ்செட்டிக்கோ போய்வர ஒரு முழு நாளும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். அக்கட்டணத்தை யார் தருவது என்பதையும் விதியில் எழுதியாக வேண்டும்.