கடைசி இடத்தில் ஒரு இளம் அணி: இந்தியன் ஆரோஸ் பற்றிச் சில குறிப்புகள்

கல்லூரி வயசுப் பையன்களை மட்டும் வைத்து ஒரு அணி கட்டி, அதை நாட்டின் முதல்நிலை கால்பந்து லீக்கில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? இந்தியாவில் இந்தச் சோதனை இரண்டு முறை நடந்தது. இரண்டு முறையும் அணி நிறையத் தோற்றது. இரண்டு முறையும் கலைக்கப்பட்டது. இந்தியன் ஆரோஸ் என்பது அதன் பெயர்.

இந்த அணியைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாக ரெண்டே ரெண்டு தீர்ப்புதான் காதில் விழும். "எப்பப் பார்த்தாலும் கடைசி, வெட்டிச் செலவு" என்பது ஒன்று. "அதுலேருந்து எத்தனை பேர் தேசிய அணிக்குப் போனாங்கன்னு பாருங்க" என்பது இன்னொன்று. ரெண்டுமே முக்கியமான கேள்வியைத் தவறவிடுகின்றன என்பது என் எண்ணம். தஞ்சாவூரில் உட்கார்ந்துகொண்டு இதை ஏன் நோண்டுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நடந்தது என்ன

2010-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் இந்த அணியைத் தொடங்கியது. தேசிய அணியின் பயிற்சியாளராக இருந்த பாப் ஹௌட்டனின் யோசனை அது. 2018 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு ஒரு தலைமுறையைத் தயார் செய்வது நோக்கம். அன்றைக்கு ஐ-லீக்தான் உச்ச லீக். வெளிநாட்டு வீரர் ஒருத்தர்கூட இல்லாத இந்தச் சின்னப் பையன்கள் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் மாதிரியான அணிகளோடு மோதினார்கள். முதல் வருஷம் 14 அணிகளில் 9-வது இடம். மோசமே இல்லை. அடுத்த வருஷம் கொல்கத்தாவின் பைலான் குழுமம் ஸ்பான்சராக வந்தது, அணி பைலான் ஆரோஸ் ஆனது, பட்டியலில் கீழே போனது. ஸ்பான்சர் விலகியதும் 2013-ல் அணியைக் கலைத்துவிட்டார்கள்.

எந்தத் தகுதிச் சுற்றைச் சொல்லித் தொடங்கினார்களோ, அதில் இந்தியா ஈரான், ஓமன், துர்க்மெனிஸ்தான், குவாம் இருந்த பிரிவில் எட்டு ஆட்டங்கள் ஆடி ஒன்றே ஒன்றில் ஜெயித்தது. பிரிவில் கடைசி.

இரண்டாவது முயற்சி 2017-ல். அந்த அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தது. அதில் ஆடிய பையன்களை அப்படியே சிதறவிடாமல் ஆரோஸை மறுபடி உயிர்ப்பித்தார்கள். முதல் ஆட்டம் நவம்பர் 29-ல், கோவாவில், நம்ம சென்னை சிட்டி அணிக்கு எதிராக. 3-0 என்று ஆரோஸ் ஜெயித்தது! ஆனால் சீசன் முடிந்தபோது 10 அணிகளில் 10-வது. அடுத்த சீசன் 11 அணிகளில் 8-வது. முந்தைய வருஷம் கோப்பை வென்ற மினர்வா பஞ்சாப் இவர்களுக்குக் கீழே இருந்தது. அதற்கடுத்த 2019-20-ல், முன்னாள் இந்திய வீரர் சண்முகம் வெங்கடேஷ் பயிற்சியில், மறுபடி கடைசி. அந்த சீசனிலிருந்து ஐ.எஸ்.எல். உச்ச லீக் ஆகிவிட்டதால் ஐ-லீக்கே ஒரு படி இறங்கியிருந்தது. 2022-ல் ஆரோஸ் இரண்டாவது முறையாகக் கலைக்கப்பட்டது.

பட்டியல் வாதம் ஏன் போதாது

ஆதரவாளர்கள் நீட்டும் பட்டியல் கனமானதுதான். முதல் தொகுதியில் ஜெஜெ லால்பெக்லுவா, குர்ப்ரீத் சிங் சந்து, பிரீதம் கோட்டால். இரண்டாவதில் அன்வர் அலி, சுரேஷ் சிங் வாங்ஜம், ஜீக்சன் சிங், ஆகாஷ் மிஸ்ரா. எல்லாரும் பின்னால் இந்தியாவுக்கு ஆடியவர்கள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நாட்டிலேயே சிறந்த பையன்கள் என்று பொறுக்கி எடுத்த கூட்டம் அது. அதில் சிலர் பெரிய வீரர்கள் ஆனார்கள் என்பது ஆச்சரியமா? முதல்தரமான விதைநெல்லைத் தேர்ந்தெடுத்து விதைத்துவிட்டு, விளைச்சலுக்கான பாராட்டு முழுவதையும் வயலுக்குக் கொடுப்பது மாதிரிதான் இது. ஜீக்சன் அந்த உலகக் கோப்பையில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தபோது ஆரோஸின் இரண்டாம் பிறவி தொடங்கவே இல்லை. அவரை வேறு கிளப் எடுத்திருக்காதா? நிச்சயம் எடுத்திருக்கும்.

எடுத்திருக்கும், ஆனால் ஆடவிட்டிருக்குமா என்பதுதான் விஷயம். ஆரோஸுக்கு ஆதரவான உண்மையான வாதம் இங்கேதான் இருக்கிறது. பெரிய கிளப்பில் 18 வயசுப் பையனுக்குப் பெஞ்சுதான் இடம். ஸ்ட்ரைக்கர் இடத்தை வெளிநாட்டுக்காரர் பிடித்திருப்பார், கோச்சுக்கு அடுத்த ஆட்டம் தோற்றால் வேலை போகும். ஆரோஸில் அந்தப் பையன்களுக்கு ஒரு சீசனில் 18, 20 முழு ஆட்டங்கள் கிடைத்தன. டெல்டாவில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூர்த் தண்ணி தள்ளிப்போனால் நாற்றங்காலிலேயே நாற்று முத்திப் போகும். அப்புறம் நட்டாலும் சரியாகத் தூர் கட்டாது. வயசும் அப்படித்தான். 18-ல் ஆடாத ஆட்டத்தை 23-ல் ஈடுகட்ட முடியாது.

2018-19-ன் 8-வது இடத்தை நான் அந்தப் பட்டியலைவிடப் பெரிய சான்றாக எடுத்துக்கொள்கிறேன். முந்தைய வருஷம் அடி வாங்கிய பையன்களில் பலர் ஒரே வருஷத்தில் சாம்பியனைத் தாண்டி நின்றார்கள். உடனே அவர்களில் நல்லவர்களைக் கிளப்புகள் கொத்திக்கொண்டு போயின. புது ஆட்கள் வந்தார்கள். அணி மறுபடி கடைசிக்குப் போனது. கல்லூரி அணியின் தலையெழுத்து இதுதான். மூன்றாம் வருஷப் பையன் ஆட்டம் புரிந்து ஆடத் தொடங்கும்போது டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

தோல்விக்கு விலை இல்லாத அணி

அப்படியானால் ஆரோஸின் குறை என்ன? தோற்றது குறை இல்லை. தோற்றதால் அதற்கு எதுவும் ஆகவில்லை என்பதுதான் குறை.

ஆரோஸுக்குக் கீழிறக்கம் கிடையாது என்று விதி. 2017-18-ல் கடைசியாக வந்த ஆரோஸ் அப்படியே இருக்க, 9-வதாக வந்த சர்ச்சில் பிரதர்ஸுக்குக் கீழிறக்கம் விழுந்தது. பிறகு சம்மேளனமே அவர்களை மீண்டும் சேர்த்துக்கொண்டது, அது வேறு கதை. ஆனால் விதியின் அபத்தம் அதில் தெரிந்துவிட்டது. எதிரணி பிழைப்புக்காக ஆடுகிறது, இவர்கள் பயிற்சிக்காக ஆடுகிறார்கள். அழுத்தத்தில் ஆடக் கற்றுக்கொடுப்பதற்காகத் தொடங்கிய அணிக்கு, லீக்கில் உள்ள மிகப் பெரிய அழுத்தத்திலிருந்து மட்டும் விலக்கு!

இன்னொன்று, அந்த அணிக்கு ஊர் இல்லை. ஹோம் கிரவுண்டு கோவா, டெல்லி, ஒடிசா என்று சுற்றிக்கொண்டே இருந்தது. தோற்றால் திட்டவும் ஜெயித்தால் தோளில் தூக்கவும் ஆள் இல்லை. அதனால்தான் ஒரு ஸ்பான்சர் போனதும் ஒருமுறையும், சம்மேளனத்தின் கொள்கை மாறியதும் மறுமுறையும் அதை அவ்வளவு சுலபமாகக் கலைக்க முடிந்தது. அணி கலைந்த அன்று எந்த ஊரும் கடையடைக்கவில்லை.

டப்ளினில் ஒரு கல்லூரி

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அணி இருக்கிறது. அயர்லாந்தின் யுனிவர்சிட்டி காலேஜ் டப்ளின், சுருக்கமாக யு.சி.டி. நிஜமான கல்லூரி அணி. 1979-ல் நாட்டின் தேசிய லீக்கில் சேர்ந்தது. கால்பந்து ஆடும் பையனுக்குப் படிப்புக்கான உதவித்தொகை தருவது அவர்கள் வழி. 1984-ல் அயர்லாந்துக் கோப்பையை வென்றார்கள். அதனால் ஐரோப்பியப் போட்டிக்குப் போய் இங்கிலாந்தின் எவர்ட்டனைச் சொந்த ஊரில் 0-0 என்று நிறுத்தினார்கள். மறு ஆட்டத்தில் 0-1 என்றுதான் தோற்றார்கள். அந்த வருஷம் அந்தக் கோப்பையை ஜெயித்ததே எவர்ட்டன்தான்.

அதற்காக யு.சி.டி. பெரிய அணி ஆகிவிடவில்லை. 2014-ல் கீழிறங்கியது. 2018-ல் மேலே வந்தது. 2019-ல் கீழே. 2021-ல் மேலே. 2023-ல் கடைசி இடம், மறுபடி கீழே. ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் நல்ல பையன்களைப் பணக்கார கிளப்புகள் கொண்டுபோய்விடும். ஆரோஸுக்கு நடந்த அதே கதை. ஆனால் யு.சி.டி.யை யாரும் கலைக்கவில்லை. ஏன்? கல்லூரி இருக்கிறது, மைதானம் இருக்கிறது, பழைய மாணவர்கள் இருக்கிறார்கள், வருஷம் தவறாமல் புது மாணவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். ஆடிப் பெரிய ஆள் ஆகாதவன் கையில் ஒரு பட்டமாவது மிஞ்சுகிறது. தோற்றால் கீழே போகிற விதி அவர்களுக்கும் உண்டு. அதனால் அவர்கள் ஆட்டத்துக்கு ஒரு அர்த்தமும் உண்டு.

ஜப்பானில் கவோரு மிதோமா, கவாசாகி ஃப்ரன்டாலே கிளப்பில் சேரும் வாய்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 2017-ல் எம்பரர்ஸ் கோப்பையில் அந்தப் பல்கலைக்கழக அணி முதல்நிலை அணியான வெகால்டா செண்டாயைத் தோற்கடித்தபோது இரண்டு கோல் அவருடையது. பின்னால் இங்கிலாந்தின் பிரைட்டன் வரை போனார். நாட்டின் கோப்பையில் கல்லூரி அணிக்கும் ஒரு வாசல் திறந்திருந்ததால்தான் அது நடந்தது.

நம்ம பக்கம்

இனி தஞ்சாவூர்க் காரணத்துக்கு வருகிறேன். ஆரோஸிடம் லீக் இருந்தது, ஊர் இல்லை. டெல்டாக் கல்லூரிகளிடம் ஊர் இருக்கிறது, லீக் இல்லை.

கும்பகோணம் அரசுக் கல்லூரி 1854-லிருந்து காவிரிக் கரையில் இருக்கிறது. தஞ்சை சரபோஜி கல்லூரி, பூண்டி புஷ்பம் கல்லூரி, மன்னார்குடி அரசுக் கல்லூரி, மயிலாடுதுறை மன்னம்பந்தல் கல்லூரி என்று ஊருக்கு ஊர் பெயர் சொல்லும் கல்லூரிகள் இருக்கின்றன. ஆனால் நம்ம கல்லூரிப் போட்டிகளின் வழக்கமான அமைப்பு நாக்-அவுட். கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி, அதிலிருந்து பல்கலைக்கழக அணி, அப்புறம் தெற்கு மண்டலம், அதில் தேறினால் அகில இந்தியப் போட்டி. முதல் ஆட்டத்தில் தோற்றால் அன்றைக்கே பஸ் ஏற வேண்டியதுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பையன் மூன்று வருஷத்தில் மூன்றே மூன்று போட்டி ஆட்டங்களோடு வெளியே வரலாம் என்ற கணக்கு இதில் இருக்கிறது. கடைசி இடத்துக்கு வந்த ஆரோஸ் பையனுக்கு ஒரே சீசனில் 18.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஐ.எஸ்.எல். கனவும் இல்லை. எட்டுக் கல்லூரிகள், உள்ளூரில் ஒன்று வெளியூரில் ஒன்று என்று ஆடினால் ஆளுக்கு 14 ஆட்டம். வடகிழக்குப் பருவமழையில் மைதானம் குளமாகிவிடும், நவம்பரில் செமஸ்டர் பரீட்சை. ஆகவே பொங்கல் முடிந்து சம்பா அறுவடை ஓய்ந்ததும் தொடங்கி மார்ச்சுக்குள் முடிக்கலாம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணமோ மன்னார்குடியோ ஒன்றரை மணி நேர பஸ். கடைசியாக வரும் அணிக்குக் கீழிறக்கம் உண்டு, அடுத்த எட்டுக் கல்லூரிகளில் முதலாக வருவது மேலே வரும். விலக்கு யாருக்கும் வேண்டாம்.

இப்படி ஒரு லீக்கில் பதினாலும் தோற்கிற கல்லூரி ஒன்று இருக்கத்தான் செய்யும். இருக்கட்டும். அந்தக் கல்லூரிப் பையன்களும் பதினாலு ஆட்டம் ஆடியிருப்பார்கள். ஊரில் நாலு பேர் அவர்களைத் திட்டியிருப்பார்கள். அடுத்த ஜூனில் அந்த அணிக்குப் புதுசாக ஆள் சேரும்.