சுவரில் எழுதிய சுந்தரர் சரிதம்

தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றிலே, நாயக்கர் காலத்துப் பூச்சுக்கு அடியில் நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1931ஆம் ஆண்டில் எஸ்.கே. கோவிந்தசாமி அவர்களால் கண்டறியப்பட்ட சோழர் சித்திரங்களுள், சைவ அடியாரான சுந்தரமூர்த்தி நாயனாரின் சரித்திரத்தைச் சொல்லும் பகுதியே, கதை சொல்லும் ஓவியத்தின் ஆற்றலையும் குறையையும் ஒருங்கே உணர்த்த வல்லது என்பது என் துணிபு.

கீழே சுந்தரரின் கல்யாண வைபவமும், அவரைத் தன் அடிமையென்று ஓலையோடு வந்து வழக்காடும் கிழவரும், அவர் திருவெண்ணெய்நல்லூர்க் கோயிலுக்குள் மறையத் திகைத்து நிற்கும் கூட்டமும். மேலே வெள்ளானையில் சுந்தரரும் குதிரையில் அவர் தோழர் சேரமான் பெருமாளும் விரைந்து செல்ல, உச்சியில் கைலாசம். ஏட்டைப் புரட்டுகிறவனுக்கு ஒரு பக்கம் மறைந்தால்தான் அடுத்தது தோன்றும். இச்சுவரின் முன் நிற்பவனோ கண்ணை உயர்த்திய மாத்திரத்தில், அடிமை வழக்கிலிருந்து வீடுபேற்றுக்கே போய்விடுகிறான். காலத்தை உயரமாக மாற்றும் இந்த வித்தை சொல்லுக்கு எளிதில் வாய்ப்பதன்று. மேலும், இச்சித்திரம் 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தது. இக்கதையைச் சொல்லும் பெரியபுராணத்தைச் சேக்கிழார் பாடியதோ 12ஆம் நூற்றாண்டில். ஆதலின் இதனை ஒரு காவியத்துக்குப் பின்னால் எழுதிய விளக்கப்படமென்று கொள்வதற்கில்லை. காவியம் பிறக்குமுன்பே சித்திரக்காரன் தன் பாஷையில் அக்கதையைச் சொல்லி முடித்துவிட்டான்.

எனினும், பார்ப்பவனின் ஞாபகத்தை நம்பியே அவன் சொன்னான். அக்கிழவர் சிவபெருமான் என்பதை அறிந்தவன் அங்கே திருவருளைக் காண்கிறான். அறியாதவன் ஒரு வழக்கையே காண்கிறான். பிற்காலத்தில் திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதையை எழுதியவர்கள், காட்சிகளுக்குத் தமிழிலேயே குறிப்பெழுதி இக்குறையைத் தீர்த்தார்கள். புதியவனுக்கு அது பேருபகாரம். ஆனால் பொருளை வாசகம் சொல்லிவிடுமிடத்தில் முகபாவம் சொல்லவேண்டியது குறைந்துவிடுகிறது. அவ்வூர் இறைவரான தியாகேசரின் ஊர்வலத்தையும் வாணவேடிக்கையையும் அவர்கள் எழுதிய உற்சாகம் என்னை ஈர்க்கிறது என்றாலும், மனத்தில் நிலைத்து நிற்பது தஞ்சைக் கிழவரின் உருவமே.

உள்ளங்கையளவுக் கைப்பேசியில் படமும் ஒலியும் விளக்கமும் ஒருசேர வந்துவிடும் இக்காலத்தில், பார்ப்பவனிடம் எதையும் கேளாத அக்காட்சிகள் நொடியில் வந்து நொடியில் கழிகின்றன. நினைவையும் கற்பனையையும் கேட்டு நிற்கும் சுவரோவியம் இன்றைக்கு வேண்டாததென்று சொல்வோரோடு, இதனாலேயே, நான் உடன்படேன். ஆயினும் சுந்தரர் கதையைக் கேட்டறியாத ஓர் இளைஞனுக்கு அச்சுவர் ஊமைதான் என்பதையும் மறுப்பதற்கில்லை. கோட்டின் நயத்தையும் வர்ணத்தின் மென்மையையும் வியந்துவிட்டுக் கதையைத் தொடாமலே செல்லும் நம் கலை விமரிசனம், அந்த ஊமைத்தனத்தை இன்னும் வளர்க்கிறது. உட்சுற்று எல்லோரும் நுழையக்கூடிய இடமன்று. மக்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் நிழற்படங்களே. அவற்றைக் காட்டுமிடத்தில், காலமும் அரசன் பெயரும் எழுதிய பலகைக்கு முன்பாக, சிவபெருமான் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையை வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் இருக்கவேண்டும்.